அமெரிக்கா லைனில் இருந்தது

மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்களிடம் கொஞ்ச காலத்துக்கு எச்சரிக்கையாகப் பழக வேண்டும். ஒரு வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர், அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்டு யோசிப்பார். மூன்று நாள் கற்றவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுவார்.

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு இப்படிப்பட்ட பயிற்சிகளை நடத்துவதுதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிற வேலை. கட்டுரைகளையும் அளவீடுகளையும் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி பொதுவில் வைப்பது எப்படி என்று சொல்லித்தருகிறேன். ஆகவே மேலே சொன்னதைத் தொழில் எதிரி யாரோ சொன்னதாக நினைக்க வேண்டாம். நான் நடத்திய முதல் பயிற்சியில் ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். என் ஆராய்ச்சி துருவைப் பற்றியது. இரும்பு ஆணிகளை விதவிதமான உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, எது சீக்கிரம் துருப்பிடிக்கிறது, எந்தச் செடியின் சாற்றை ஊற்றினால் துரு தாமதமாகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். (ஒக்கூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் அப்பாவிடம், பூசை முடிந்து வருகிறவர்கள் யாராவது "உங்க மக அருள்மேரி என்ன படிக்குது?" என்று கேட்டால், "கெமிஸ்ட்ரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். துரு என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.)

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்றால், அதை எழுதியவருக்கே ஓர் அட்டை போட்டு, தங்கள் கட்டுரையின் பிரதியை அனுப்பி உதவுங்கள் என்று கெஞ்ச வேண்டும். அவருக்கு மனமிருந்தால் அனுப்புவார். அப்படி வந்த பிரதிகளெல்லாம் எங்கள் கைடு பேராசிரியர் சதாசிவத்தின் இரும்பு பீரோவுக்குள் போய்விடும். பீரோவுக்குள் போனது வெளியே வந்ததாக வரலாறு இல்லை. வெளியாட்கள் யாராவது ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால், ஆணிகள் ஊறும் கண்ணாடித் தொட்டிகள்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். நம் துருவைப் பார்த்துவிட்டு எவனாவது எழுதிவிட்டால்?

இப்பேர்ப்பட்டவர் என்னை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தது, அது ஏதோ கம்ப்யூட்டர் பயிற்சி என்று நினைத்ததால்தான். போய்ப் பார்த்தால் அங்கே வேறு கதை. தாடி வைத்த இளைஞர் ஒருவர் மேடையில் நின்று, ஆராய்ச்சி என்பது பொதுச்சொத்து என்றார். சில நாடுகளில் விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளை ஒரு கம்ப்யூட்டரில் போட்டுவைக்கிறார்கள், உலகத்தில் யாரும் டெலிபோன் வழியாக அதை எடுத்துக்கொள்ளலாம், பைசா கேட்க மாட்டார்கள் என்றார். (இதற்கெல்லாம் இன்றைக்கு அழகான பெயர்கள் இருக்கின்றன. அன்றைக்குத் தாடிதான் இருந்தது.) எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. காரைக்குடிக்கு வெளிச்சம் கொண்டுவரப் பிறந்தவள் நான்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், டெலிபோன் லைன் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வகுப்பு. தயிர்சாதத்துக்குப் பிறகு வைத்திருந்தார்கள். அந்த வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டார்கள். ஊருக்குப் போய், கற்றதைக் குறைந்தது பத்துப் பேருக்காவது சொல்லித்தர வேண்டும். அப்போதுதான் சான்றிதழ். நான் தயார். ஆனால் எங்கள் துறையில் இருந்த டெலிபோனில், வெளியூருக்கு நேரே பேசுகிற எஸ்.டி.டி. வசதி கிடையாது. இணைப்பு வேண்டுமென்றால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டாக வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மீனாள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்கு வாயேன் அருளு. இடமும் இருக்கு, போனும் இருக்கு."

மீனாள் என்னோடு அதே கைடிடம் ஆராய்ச்சி செய்தவள். கண்டனூரில் அவர்கள் வீட்டு வளவில், நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், நூறு பேரைப் பந்தியில் உட்காரவைக்கலாம். குடியிருந்ததோ மீனாளும் அவள் அம்மாவும்தான். அப்பச்சிக்கு (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) பினாங்கில் வியாபாரம். அவரோடு பேசுவதற்காகப் போட்ட டெலிபோன் அது.

மீனாளின் அம்மாவை நாங்களெல்லாம் ஆச்சி என்போம். அனுமதி கேட்கப் போனபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"உங்க பொட்டிய போன் வயர்ல மாட்டுனா எங்க போனு வேலை செய்யுமாத்தா?"

"தாராளமாச் செய்யும் ஆச்சி. கரண்ட்டு மாதிரிதான். ஒரே வயர்ல லைட்டும் எரியுது, ஃபேனும் சுத்துதுல்ல?"

இதை நான் எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தால் வியர்க்கிறது.

"ஞாயித்துக்கெழம காலையில ஒரு முக்கியமான போனு வரும். அதுக்கு எடைஞ்சல் இல்லாமப் பாத்துக்க."

"நீங்க கவலையே படாதீக ஆச்சி."

மீனாள் பக்கத்தில் நின்று தரையில் பதித்த பூக்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன போன் என்று கேட்டிருக்க வேண்டும். உலகத்தின் அறிவை எல்லாருக்கும் திறந்துவிடப் போகிற மும்முரத்தில், உடன் படிக்கிறவளிடம் இதைக் கேட்க எனக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. துறையின் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வேனில் கொண்டுவந்து இறக்கினோம். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் பையன்கள். பேராசிரியர் வருகிறார் என்பதால் சட்டையைத் தேய்த்துப் போட்டு, கையில் ஃபைலோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கரும்பலகை வாங்கி வந்து, தாடிக்காரர் சொன்னதன் சாரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்: 'ஒளிக்காதீர்கள். கேட்பவருக்கெல்லாம் கொடுங்கள்.'

பேராசிரியர் அதை வாசித்தார்.

"என்னம்மா, சத்திரத்து வாசல்ல எழுதுற மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முன்கட்டில் இருந்த டெலிபோனின் வயரைக் கழற்றி, கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு சேர்க்கிற மோடம் பெட்டியில் மாட்டினேன். அது கூவி, கரகரத்து, ஒருவழியாக இணைந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஊர்ந்து வந்தன. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. (சினிமா மாதிரிப் படம் வரும் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

"இப்ப நாம அமெரிக்காவுக்குள்ள இருக்கோம்" என்றேன்.

நான் தேர்ந்தெடுத்திருந்த கட்டுரை அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருடையது. செடிச் சாறு துருவைத் தடுக்குமா என்பது பற்றி. எங்கள் பேராசிரியர் அந்த மனிதருக்கு அட்டை மேல் அட்டை போட்டுப் பதிலே வராமல் நொந்துபோயிருந்தார். திரையில் அவர் பெயர் வந்ததுதான் தாமதம், கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. முன்னுரை ஊர்ந்து வந்தது. நாற்காலி இரண்டு வரிசை முன்னால் வந்தது. சோதனை முறை வர ஆரம்பித்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போது திரை அப்படியே நின்றுபோனது.

"என்னம்மா ஆச்சு?"

"அமெரிக்காவுல இப்ப ராத்திரி சார். அதான்."

கம்ப்யூட்டர் தூங்குமா என்று யாரும் கேட்கவில்லை. அவசர அவசரமாக மறுபடி மதுரையைச் சுற்றினேன். மறுபடியும் கட்டுரை முதலிலிருந்து வந்தது. பேராசிரியர் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றார். முதல் அட்டவணை பாதி வரும்போது மறுபடி நின்றது.

"இப்ப என்ன?"

"கடலுக்கு அடியில கேபிள் போகுது சார். மீன் கீன் மோதியிருக்கும்."

இப்படியே மீன்கள் மோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. துருவைக் கண்டுபிடித்தவர் போலத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்த மனிதர், நாடகம் பார்க்கிறவரைப் போல "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் 'முடிவுரை' என்ற தலைப்பு திரையில் வந்தது. அதற்குக் கீழே ஒரு வார்த்தை வருவதற்குள் நின்றது.

பேராசிரியர் தலையில் கைவைத்துவிட்டார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டாங்கட்டுக்குள் போனேன்.

அடுப்படி வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் இன்னொரு டெலிபோன். அப்படி ஒன்று அந்த வீட்டில் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் ஆச்சி பட்டுப்புடவையில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதுக்கு எட்டத்தில் பிடித்திருந்தார்.

"அருளு, இங்க வாத்தா. இதுக்குள்ள என்னமோ கெடந்து கத்துது. காலையிலேருந்து எடுக்குறப்பல்லாம் கத்துது. மணியும் அடிக்கலை. மதுரைக்காரவுக கூப்பிட்டாகளா இல்லையான்னே தெரியலை."

கடலில் மோதிய மீன் எது என்று எனக்குப் புரிந்தது. ஆச்சி போனை எடுக்கும்போதெல்லாம் என் அமெரிக்கா அறுந்தது. நான் அமெரிக்காவைப் பிடிக்கும்போதெல்லாம் ஆச்சியின் மதுரை அறுந்தது. தயிர்சாதத்துக்குப் பிந்தைய வகுப்பில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள் போலும்.

மீனாள் என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். போன வாரம் மதுரையிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீர் விஷயத்தில் மட்டும் இழுபறி. 'யோசிச்சுச் சொல்றோம். சரின்னா ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள போன் வரும். வரலைன்னா வேற எடம் பாத்துக்கங்க' என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருக்கிறார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மீனா?"

"நீதான் போனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னியே" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு அருளு. கல்யாணத்துக்கப்புறமும் ஆராய்ச்சிய முடிக்கலாம்னு அவுகளே சொன்னாக" என்றாள்.

ஓடிப்போய் மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கினேன். "ஏம்மா, முடிவுரை?" என்று கேட்டுக்கொண்டே பேராசிரியர் பின்னால் வந்தார். டெலிபோனை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அடிக்கவில்லை. மத்தியானம் தாண்டியது. ஆச்சி கௌரவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவரே மதுரைக்குப் போட்டார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

"கோவிச்சுக்கிட்டு எடுக்க மாட்டேங்கிறாக" என்று போனை வைத்தார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. இலையைப் போடச் சொன்னார். பன்னிரண்டு பையன்களுக்கும் பேராசிரியருக்கும் பரிமாறிக்கொண்டே, "நல்லாச் சாப்பிடுங்கப்பா. கல்யாணச் சாப்பாடுதான் இல்லைன்னு ஆயிப்போச்சு. இதையாவது வயிறாரச் சாப்பிடுங்க" என்றார். நான் இலையில் இருந்த பணியாரத்தைத் தொடவில்லை. (மூன்று பணியாரம். தொடவில்லை என்றால் முதல் இரண்டுக்குப் பிறகு தொடவில்லை.)

சாப்பாடு முடிந்து, பையன்கள் மறுபடி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும். ஆச்சி பதறிப்போய், "உக்காரச் சொல்லுத்தா, காப்பி போடுறேன்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார்.

மாப்பிள்ளையின் அம்மாவை மதுரை ஆச்சி என்று வைத்துக்கொள்வோம். அவர் வாசலிலேயே நின்று, தேய்த்த சட்டையும் கையில் ஃபைலுமாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பையன்களையும் பார்த்தார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். 'கேட்பவருக்கெல்லாம் கொடுங்கள்' என்பதை உதடசைத்து வாசித்தார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜமக்காளத்தை விரித்து உட்காரவைத்தேன்.

"காலையிலேருந்து போட்டு விரலே தேஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார். "எப்ப போட்டாலும் எங்கேஜு. அப்படி யாரோட பேச்சு?"

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது.

"அமெரிக்காவோட ஆச்சி. காலையிலேருந்து அமெரிக்கா லைன்லதான் இருந்தோம்."

"அமெரிக்காவா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெரிய எடமோ?"

அன்று முழுவதும் என் பயிற்சியைப் பற்றி இவ்வளவு ஆர்வமாக யாரும் கேட்கவில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ரொம்பப் பெரிய எடம் ஆச்சி. அவருக்கு உலகம் பூரா பேரு. முன்னாடியெல்லாம் நாம எழுதிப் போட்டாக்கூடப் பதில் வராது. இப்ப அவுகளே முன்வந்து குடுக்குறாக."

"என்ன கேக்குறாக?"

"ஒண்ணுமே கேக்குறதில்ல. எல்லாம் இலவசம். அதான் இப்ப வந்திருக்கிற புது முறை. உலகம் பூரா இனிமே இப்படித்தான் ஆகப்போகுது."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒரு பைசா கேக்கலை ஆச்சி."

"முடிஞ்சிருச்சா?"

"எங்க ஆச்சி! முக்காவாசி வந்துருச்சு. முடிவுதான் பாக்கி. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. சாயந்தரம் மறுபடி கூப்பிடணும்."

மதுரை ஆச்சி எழுந்தார். கணவரைத் தூணோரமாகக் கூட்டிப்போய் என்னவோ சொன்னார். அவர் மேலும் கீழுமாகத் தலையாட்டினார். ஆச்சி காப்பியோடு வந்ததும், டம்ளரைக் கையில் வாங்காமலே மதுரை ஆச்சி சொன்னார்:

"இந்தா பாருங்க, நமக்குள்ள சீர் பேச்சே வேண்டாம். எங்களுக்குப் பொண்ணுதான் வேணும். இப்பவே வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம். நீங்க அமெரிக்காவுக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

ஆச்சி என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆச்சிக்கு விளங்க ஒரு நொடிதான் பிடித்தது. காப்பி டம்ளர் லேசாகக் கூட ஆடவில்லை.

"நீங்க இவ்வளவு தூரம் வந்து கேட்டதுக்கப்புறம் அமெரிக்கா எதுக்கு? சொல்லிர்றேன்" என்றார்.

இதைக் கேட்டுப் பேராசிரியர் எழுந்துவிட்டார்.

"அதெப்படிங்க வேண்டாம்னு சொல்றது? எல்லாம் கூடி வர்ற நேரத்துல பாதியில விடச் சொன்னா? எனக்கு முடிவு தெரிஞ்சாகணும்."

"இவுக யாரு?" என்றார் மதுரை ஆச்சி, கலக்கத்தோடு.

"எங்க கைடு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து மீனாளின் குரல் வந்தது.

"ஐயா, நீங்க பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்லுவீக. ஆனா மதுரை இந்தா இருக்கு. அமெரிக்கா எம்புட்டுத் தூரம்!"

"தூரமெல்லாம் இனி ஒரு விஷயமே இல்லீங்க. அதைத்தானே இந்தப் பொண்ணு காலையிலேருந்து கரடியாக் கத்துது" என்று என்னைக் காட்டினார் பேராசிரியர். என் பயிற்சியில் ஒருவர் மனம் மாறினார் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. அதைக் கொண்டாட நேரமில்லை. ஆச்சி என் கையைக் கிள்ளினார். நான் பேராசிரியரின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப்போனேன். கிணற்றடியில் நிறுத்திவைத்து, அவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே விளங்கியது.

முன்கட்டில் வெற்றிலை பாக்கு மாறியது. பன்னிரண்டு பையன்களும் சாட்சி. அவர்களுக்கு இரண்டாம் தடவையாகக் காப்பி கொடுத்தார்கள். வழியனுப்பும்போது ஆச்சி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீ பெரிய படிப்பெல்லாம் படிச்சு நல்லா வருவத்தா. ஆனா எங்க போன்ல மட்டும் இனி கை வைக்காத."

எங்கள் பேராசிரியர் அடுத்த வாரமே காரைக்குடியில் ஒரு எஸ்.டி.டி. லைனுக்கு எழுதிப் போட்டார். அந்த முடிவுரை ஒருநாள் முழுசாக வந்து சேர்ந்தது. அதற்குப் பதிலாக எங்கள் துருக் கணக்குகளை அமெரிக்காவுக்கு அனுப்பும்படி நான் சொன்னபோது, அவர் முகத்தில் மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனின் வேதனை இருந்தது. ஆனாலும் அனுப்பினார். மீனாள் கல்யாணத்துக்குப் பிறகு, சொன்னபடியே டாக்டர் பட்டம் வாங்கினாள். எனக்குச் சான்றிதழும் வந்தது.

மதுரை ஆச்சியிடம் உண்மையை யாரும் சொல்லவில்லை. முதலில் பயத்தில் சொல்லவில்லை. பிறகு சொல்லுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. மீனாளின் கணவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அந்த அமெரிக்கரை அவர் 'மூத்த மாப்பிள்ளை' என்றுதான் குறிப்பிடுவார். தீபாவளிக்கு வேட்டி எடுக்கும்போது, "மூத்தவருக்கும் ஒண்ணு எடுத்துருங்க" என்பார். மீனாளின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மதுரை ஆச்சியும் சிரிப்பார்.

போன தடவை மதுரைக்குப் போயிருந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்த அமெரிக்காப் பையனுக்கு அப்புறம் கல்யாணம் ஆச்சாத்தா?"

"ஆச்சு ஆச்சி. பேரன் பேத்தியெல்லாம் எடுத்துட்டாரு."

அவர் முகம் தெளிந்தது. ரொம்ப நாள் பாரம் ஒன்று இறங்கினாற்போல மூச்சு விட்டார்.

"நல்லா இருக்கட்டும். ஒண்ணுமே கேக்காத பய. நாமதான் குறுக்க பூந்து கெடுத்துப்புட்டோமோன்னு இருந்துச்சு."